8 வருஷக் காத்திருப்பு... ஒரே ஒரு மேகம்! பாண்டிச்சேரியில் வெள்ளியைத் தேடிய லெ ஜான்டில்

லாஸ்பேட்டையில் உங்களுக்கு ஒரு மொட்டை மாடி இருக்கிறது, ஒரு டெலஸ்கோப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் ராத்திரி அதை ரூமிலிருந்து தூக்கிக்கொண்டு படியேறி, ஸ்டாண்டை நிறுத்தி, வடக்கு பார்த்து செட் பண்ணி முடிப்பதற்குள் பாதி ஆர்வம் வடிந்துவிடும். அதனால் வானம் பார்க்கும் பித்து முற்றியவர்கள் மாடியிலேயே ஒரு சின்ன அறை கட்டி, டெலஸ்கோப்பை அங்கேயே நிரந்தரமாக நிறுத்திவிடுவார்கள். அந்த அறைக்கு வேண்டியது, இழுத்தால் ஓடுகிற ஒரு கூரை. ரோல் ஆஃப் ரூஃப் என்பார்கள். பெயர்தான் பெரிசு, விஷயம் நம்ம வீட்டு ஸ்லைடிங் கேட்தான். ஆங்கிளைக் கவிழ்த்துப்போட்டு, அதன் முதுகில் பள்ளம் வைத்த இரும்புச் சக்கரங்களை ஓட விட்டு, சக்கரங்களுக்கு மேல் தகரக் கூரையை உட்கார வைக்க வேண்டும். அறைக்கு வெளியே அதே நீளத்துக்கு தண்டவாளத்தை நீட்டி, அதைத் தாங்க ரெண்டு கால் நட்டுவிட்டால் போதும். கேட் செய்யும் எந்த வெல்டிங் பட்டறையிலும் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ரெண்டு விஷயத்தில் மட்டும் கோட்டை விடக்கூடாது. டெலஸ்கோப் நிற்கும் தூண், நீங்கள் நடக்கும் தரையோடு ஒட்டக்கூடாது. ஒட்டினால், நீங்கள் ஒரு எட்டு எடுத்து வைக்கும்போதெல்லாம் சனிக் கோள் டான்ஸ் ஆடும். மாடியில் என்றால் தூணை பில்லருக்கு நேர் மேலே கொண்டுவர வேண்டும். அடுத்தது, நாலு மூலையிலும் கொக்கி. தானே புயலையும் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊரில், பூட்டாத கூரை அடுத்த தெருவில்தான் கிடைக்கும். கடல் காத்து வேறு சக்கரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். கிரீஸ் டப்பா எப்போதும் கையில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து, ஒரு நல்ல நாளாகப் பார்த்து கூரையைத் தள்ளுகிறீர்கள். மேலே பார்த்தால் இன்னொரு கூரை! மேகம். அதற்கு சக்கரமும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது.

இந்த ஏமாற்றத்தை இதே ஊரில் உங்களுக்கு 250 வருஷத்துக்கு முன்னாலேயே அனுபவித்த ஒருவர் இருக்கிறார். கியோம் லெ ஜான்டில், பிரெஞ்சு வானியலாளர். பாண்டிச்சேரியில் அவருக்கு வானம் பார்க்கும் கூடம் கட்டித்தந்தவர் அன்றைய கவர்னர் ழான் லா. அந்த 'லா'வின் பேட்டைதான் லாஸ்பேட்டை ஆனது என்பது ஊரறிந்த பெயர்க் கதை. தினமும் பஸ் போர்டில் படிக்கிற பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பது, பாண்டியில் பிறந்து வளர்ந்த பல பேருக்கே தெரியாது.

சாமியார் ஆக வந்தவர்

லெ ஜான்டில் பிறந்தது 1725 செப்டம்பர் 12-ம் தேதி, பிரான்ஸின் நார்மண்டியில் இருக்கும் குத்தான்ஸ் ஊரில். பாரிஸுக்கு அவர் வந்தது கிறிஸ்தவ இறையியல் படிக்க. போகிற போக்கில் தெலீல் என்ற வானியல் பேராசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான், சாமியார் படிப்பு அம்பேல். பாரிஸ் வானாய்வகத்தில் சேர்ந்து, 24 வயதில் ஆண்ட்ரோமிடா பேரடை பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் பேரடையைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு எம்32 என்று உங்கள் ஆஸ்ட்ரானமி ஆப் காட்டுவது அதைத்தான். 1753-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் உறுப்பினர் ஆனார். செட்டில் ஆன வாழ்க்கை. பேசாமல் பாரிஸிலேயே இருந்திருக்கலாம்.

ஆனால், 1761 ஜூன் 6-ம் தேதி வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போகப்போகிறது என்று கணக்கு சொன்னது. சூரியத் தட்டின் மேல் ஒரு கறுப்புப் பொட்டு சில மணி நேரம் ஊர்ந்து போகும், அவ்வளவுதான் காட்சி. அதற்குப் போய் உலகமே ஏன் அலைந்தது என்று கேட்கிறீர்களா? கட்டை விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோலத் தெரியும். பூமியின் ரெண்டு மூலைகளில் இருந்து பார்த்தால், வெள்ளியும் அப்படித்தான் சூரியன் மேல் கொஞ்சம் இடம் மாறித் தெரியும். அது நுழையும் நேரத்தையும் விலகும் நேரத்தையும் பல ஊர்களில் நொடி சுத்தமாகக் குறித்துவிட்டால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இதை 1716-லேயே எழுதி வைத்துவிட்டுப் போனவர் எட்மண்ட் ஹாலி, வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி. அன்றைக்கு அந்தத் தூரம் யாருக்கும் சரியாகத் தெரியாது. இந்த வாய்ப்போ ஜோடி ஜோடியாகத்தான் வரும். 8 வருஷ இடைவெளியில் ரெண்டு தடவை, அப்புறம் 100 வருஷத்துக்கு மேல் ஒன்றுமே கிடையாது.

பிரான்ஸ் தன் ஆட்களைத் திசைக்கு ஒருவராக அனுப்பியது. லெ ஜான்டிலுக்குக் கிடைத்த ஊர், நம்ம பாண்டிச்சேரி.

1760 மார்ச் 26-ல் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். ஜூலை 10-ல் மொரீஷியஸ் வந்து சேர்ந்தார். அங்கே வந்ததும் கதை சிக்கலானது. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், பாண்டிச்சேரியை ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். இந்தியாவுக்குப் போகக் கப்பல் இல்லை. நடுவில் வயிற்றுக்கடுப்பு வந்து படுத்தார். கடைசியில் 1761 மார்ச்சில் சில்ஃபீட் என்ற போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. ஜூன் 6-க்கு இன்னும் மூணு மாசம்கூட இல்லை. காற்று ஒத்துழைக்காமல், கப்பல் அரபிக் கடலில் வாரக்கணக்கில் சுற்றியது. மே 24-ல் மலபார் கரையில் மாஹே பக்கம் வந்தபோதுதான் செய்தி தெரிந்தது. மாஹேவும் போச்சு, பாண்டிச்சேரியும் போச்சு. ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட ஊரை நோக்கித்தான் இவ்வளவு நாள் பயணம் செய்திருக்கிறார்! கேப்டன் கப்பலை மொரீஷியஸுக்கே திருப்பினார்.

ஜூன் 6-ம் தேதி வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. லெ ஜான்டில் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் வேலை செய்யாது. இருக்கும் இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. இருந்தாலும் டெலஸ்கோப்பை வைத்து வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்த்தார், நேரத்தையும் குறித்தார். அந்தக் குறிப்பால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

நீங்களோ நானோ அடுத்த கப்பலில் வீட்டுக்குக் கிளம்பியிருப்போம். மனுஷன் 1769 வரைக்கும் இங்கேயே இருப்பது என்று முடிவெடுத்தார்.

எட்டு வருஷமும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மடகாஸ்கர் கரையை வரைபடமாக்கினார், இந்தியப் பெருங்கடலின் காற்றையும் அலையையும் குறித்தார், செடி கொடிகள், மீன்கள் பற்றியெல்லாம் எழுதினார். அடுத்த வெள்ளிக் கடப்பை எங்கிருந்து பார்ப்பது என்று தானே கணக்குப் போட்டுப் பார்த்ததில், பிலிப்பைன்ஸின் மணிலா சரியாக வந்தது. பாண்டிச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி கிட்டத்தட்ட வெளியேறும் கட்டத்துக்கு வந்திருக்கும், அடிவானத்தை ஒட்டியே பார்க்க வேண்டும். மணிலாவில் சூரியன் நல்ல உயரத்தில் இருக்கும். 1766-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆனால், மணிலாவின் ஸ்பெயின் கவர்னருக்கு இந்தப் பிரெஞ்சுக்காரர் மேல் நம்பிக்கை வரவில்லை. அறிமுகக் கடிதங்களைப் போலி என்றே சந்தேகப்பட்டார். இன்னொரு பக்கம், அகாடமியின் விருப்பம் பாண்டிச்சேரிதான் என்று பாரிஸிலிருந்து கடிதம் வந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் மறுபடி பிரான்ஸ் கைக்கு வந்திருந்தது.

மணிலாவா, பாண்டிச்சேரியா? அவர் கிளம்பினார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இடிந்த மாளிகை மேல் ஒரு கூடம்

1768 மார்ச் 27-ல் லெ ஜான்டில் பாண்டிச்சேரியில் கால் வைத்தபோது, அது ஊராகவே இல்லை. 1761-ல் பிடித்த கையோடு ஆங்கிலேயர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தள்ளியிருந்தார்கள். 1765-ல் ஊரைத் திரும்ப வாங்கியதிலிருந்து, ஒவ்வொரு சுவராக எழுப்பிக்கொண்டிருந்தவர்தான் கவர்னர் ழான் லா. இவர் சித்தப்பா பெரியப்பா வகையில் பெரிய கை. பிரான்ஸில் காகிதப் பணத்தை அறிமுகம் செய்து, கடைசியில் நாட்டையே கடனில் தள்ளிய ஜான் லாவின் தம்பி மகன்.

வீடு கட்டவே காசு தேடிக்கொண்டிருந்த கவர்னர், வந்த விருந்தாளிக்கு வானாய்வுக்கூடம் கட்டித்தர உடனே சம்மதித்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம். தேர்ந்தெடுத்த இடம், கோட்டைக்குள் இடிந்து கிடந்த பழைய கவர்னர் மாளிகை. கோட்டை இருந்த பகுதியில்தான் இன்றைக்குப் பாரதி பூங்கா இருக்கிறது. அந்த மாளிகையின் மேல்பகுதி போயிருந்தாலும் அடிப்பகுதிச் சுவர்கள் கெட்டியாக நின்றன. அந்த இடிபாட்டின் மேலேயே கூடம் எழும்பியது. முன்னால் சொன்ன பில்லர் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அதே லாஜிக்தான். ஊசல் கடிகாரமும், கோணம் அளக்கும் பெரிய கருவியும் அசையாமல் நிற்க, அந்தப் பருத்த சுவர்களைவிட நல்ல அஸ்திவாரம் ஊரில் கிடையாது. ஒரே ஒரு சின்ன சங்கடம், கூடத்துக்குக் கீழே இருந்த அறையில் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். மனுஷன் அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சில மாதங்களிலேயே கூடம் தயாரானது. முதல் வேலையாக பாண்டிச்சேரி பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்தார். அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியாமல், குறித்த நேரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இங்கே சூரியன் அடிவானத்தில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்பதால், அங்கே காற்று மண்டலம் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்றும் கணக்கெடுத்தார். பாண்டிச்சேரியின் ஜனவரி, பிப்ரவரி ராத்திரிகளை அவர் மெச்சி எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் இருப்பவர்களால் இப்படி ஒரு வானத்தைக் கற்பனையே செய்ய முடியாது என்பது அவர் எண்ணம். கோடை நெருங்கியபோது இன்னொரு ஆச்சர்யம். எந்த ஆங்கிலேயர்களால் முதல் தடவை வாய்ப்பு போனதோ, அதே ஆங்கிலேயர்கள் மெட்ராஸிலிருந்து மூன்றடி நீளமுள்ள நல்ல டெலஸ்கோப் ஒன்றை அனுப்பிவைத்தார்கள்.

காத்திருந்த நாள்களில் அவர் செய்த இன்னொரு வேலை, தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக்காரர்களிடம் பாடம் கேட்டது. இங்கே கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. பேப்பர் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை அடுக்கி, நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருக்கும் வாய்பாட்டுச் சொற்களைச் சொல்லிக்கொண்டே விடையைக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த வேகமும் நிதானமும் அவரை அசத்தியது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைத்துச் சொன்னது. அன்றைக்கு ஐரோப்பாவில் பெரிய பெயர் பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 நொடி கூட்டிச் சொன்னது. உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம், ஒரு கிரகணத்தை வைத்து யார் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால், இதைப் பதிவு செய்து பாரிஸ் அகாடமி வரைக்கும் கொண்டுபோனவர் லெ ஜான்டில்தான். அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1825-ல் ஜான் வாரன் எழுதிய காலசங்கலிதம் நூலிலும் பாண்டிச்சேரிப் பக்கத்துக் கணிதர் ஒருவர் சோழி வைத்து கிரகணம் கணித்தது வருகிறது. நம்ம வீட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தின் பின்னால் இருக்கிற அதே பழைய மரபு.

ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை

1769 மே மாசம் முழுக்க பாண்டிச்சேரியில் விடியற்காலைகள் அருமையாக இருந்தன. ஜூன் முதல் நாள்களும் அப்படியே. 3-ம் தேதி ராத்திரி கவர்னர் லாவும் கூடத்துக்கு வந்தார், ரெண்டு பேரும் வியாழனின் நிலாக்களைப் பார்த்தார்கள். வானத்தில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் உதயத்தில் சூரியன் வெளியே வரும்போதே அதன் மேல் வெள்ளிப் பொட்டு இருக்கும். ஏழு மணிக்குள் அது சூரியனை விட்டு விலகிவிடும். அந்த விலகும் நொடிதான் அவருக்கு வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பியது அந்த ஒரு நொடிக்காகத்தான்.

ராத்திரி 2 மணிக்கு விழித்தார். கடற்கரை மணல் தட்டும் சத்தம் கேட்டது. நல்ல சகுனம் என்று நினைத்து வெளியே வந்து பார்த்தால், எல்லாப் பக்கமும் மேகம். காற்றே இல்லை, மேகம் நகரவும் இல்லை. 5 மணி வாக்கில் திடீரென்று பலத்த காற்று அடித்தது. கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அந்தக் காற்று மேகத்தை விலக்கவில்லை, இன்னும் கொண்டுவந்து மூடியது. கடல் நுரைத்தது, மணலும் தூசியும் பறந்தன. சூரியன் உதித்தது, வெள்ளி விலகியது, எல்லாம் மேகத்துக்கு அந்தப் பக்கம். ஏழு மணி சுமாருக்கு மேகத்துக்குள் ஒரு வெளுப்பு தெரிந்தது, அதுதான் சூரியன் என்று ஊகிக்கலாம், அவ்வளவே. எல்லாம் முடிந்து சற்று நேரத்தில் வானம் தெளிந்தது. அன்று முழுக்க நல்ல வெயில்.

அன்றைக்கு மணிலாவில் வானம் துளி மேகம் இல்லாமல் இருந்தது. அங்கே பழகியவர்கள் வெள்ளிக் கடப்பை ஆசைதீரப் பார்த்தார்கள். இது பின்னால் அவருக்குத் தெரியவந்தது.

ரெண்டு வாரத்துக்கு மேல் அவரால் பேனாவையே தொட முடியவில்லை. என்ன எழுதுவது? பாரிஸுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை ஆரம்பிக்கும்போதெல்லாம் கை நின்றுபோனது. அப்புறம் ஜுரம், மறுபடி வயிற்றுப்போக்கு. 1770 மார்ச் 1-ல் பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பினார். திரும்பும் வழியிலும் நிம்மதி இல்லை. மொரீஷியஸில் படுத்த படுக்கை. அங்கிருந்து ஏறிய கப்பல் புயலில் சிக்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. கடைசியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் காடிஸ் போய், அங்கிருந்து தரை வழியாக 1771 அக்டோபர் 8-ல் பிரனீஸ் மலையைத் தாண்டி பிரான்ஸ் மண்ணில் கால் வைத்தார். 11 வருஷம், 6 மாசம், 13 நாள்!

ஊரில் அவர் செத்துப்போனதாகவே பேச்சு. அனுப்பிய கடிதங்கள் பல வந்து சேரவில்லை. சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போடத் தயாராகிவிட்டார்கள். அகாடமியில் அவர் இடம் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. சொத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனார், அங்கும் தோற்று செலவுத் தொகை கட்ட வேண்டியதாயிற்று. அகாடமி இடம் மட்டும் ராஜா தலையிட்டதில் திரும்பக் கிடைத்தது.

இணையத்தில் தேடினால், வானியலிலேயே துரதிர்ஷ்டசாலி யார் என்ற லிஸ்ட்டில் முதல் பெயர் இவருடையதாகத்தான் இருக்கும். மீம் கூட உண்டு. எனக்கென்னவோ அதில் பாதி உடன்பாடுதான். அதே 1769-ல் ஷாப் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் கலிஃபோர்னியா முனைக்குப் போனார். அவருக்கு வானம் தெளிவாக இருந்தது, கடப்பை முழுசாகப் பார்த்தார். அங்கே பரவிய காய்ச்சலில் ரெண்டே மாசத்தில் இறந்தார். அவருடைய குறிப்புகள் மட்டும் பாரிஸ் வந்து சேர்ந்தன. தாஹிட்டியில் கேப்டன் குக் எடுத்த அளவுகள், ஷாப் எடுத்தவை, இன்னும் பலருடையதை எல்லாம் சேர்த்து 1771-ல் லலாந்த் கணக்குப் போட்டதில் சூரியன் சுமார் 15.3 கோடி கிலோமீட்டர் தூரம் என்று வந்தது. இன்றைய கணக்கு சுமார் 15 கோடி. லெ ஜான்டிலின் எண் அதில் இல்லை, உண்மைதான்.

ஆனால், திரும்பி வந்தவர் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள். பாரிஸ் வானாய்வகத்திலேயே குடியிருந்தார். இந்தியக் கடல்களில் தன் பயணத்தைப் பற்றி ரெண்டு தடித்த தொகுதிகள் எழுதினார், 1779-லும் 1781-லும் வெளிவந்தன. தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கு, பாண்டிச்சேரியின் காற்று, மடகாஸ்கர், மணிலா என எல்லாம் அதில் உண்டு. ஒரு காலை நேரம் கைவிட்டதைத் தவிர, அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் பார்த்தது எல்லாமே அதில் இருக்கிறது. 1792 அக்டோபர் 22-ல், பிரெஞ்சுப் புரட்சி கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், 67 வயதில் காலமானார்.

இன்றைக்கு லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. கோளரங்கத்தின் உள்ளே வெள்ளி எப்போது கேட்டாலும் வரும், மேகம் கிடையாது. நிஜ வெள்ளி கடைசியாக சூரியனைக் கடந்தது 2012 ஜூன் 6 அன்று. உங்களில் சிலர் ஸ்கூல் யூனிஃபார்மில் சோலார் ஃபில்டர் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்களுக்கு ஒரு தகவல். அடுத்த கடப்பு, இந்திய நேரப்படி 2117 டிசம்பர் 11 விடியற்காலையில் ஆரம்பிக்கும். 1769 போலவே, பாண்டிச்சேரியில் சூரியன் கடலிலிருந்து எழும்போதே அதன் மேல் பொட்டு இருக்கும். இந்தத் தடவை விலகுவதற்கு 11 மணி ஆகிவிடும், நேரம் நிறையவே இருக்கிறது. மாடியில் ஓடுகிற கூரை கட்டுகிறவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு எழுதி வைத்துவிடுங்கள். கூடவே இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள், அது கார்த்திகை மாசம், பாண்டியில் மழைக்காலம்.